"அவர் ஏன் நம்மைப் போல இல்லை?" பிள்ளைகளின் கேள்வியும் பெற்றோரின் பொறுப்பும்
வாசகர் கேள்வி பதில்

பிள்ளை வளர்ப்பு குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே கவலையைச் சுற்றியே அமைந்திருந்தன. தோற்றத்திலும் பேச்சிலும் உடல்நிலையிலும் நம்பிக்கையிலும் தங்களிலிருந்து வேறுபட்டவர்களை நம் பிள்ளைகள் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதே அந்தக் கவலை. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, கேள்விகளை மட்டும் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தபோது, சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரு முதியவரைக் கைநீட்டிக் காட்டி, "அம்மா, அந்தத் தாத்தாவுக்கு ஏன் ஒரு கால் இல்லை?" என்று என் 4 வயது மகன் உரத்த குரலில் கேட்டுவிட்டான். கூனிக்குறுகிப் போன நான், அவன் வாயைப் பொத்தி வேகமாக அழைத்து வந்துவிட்டேன். இப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: சகோதரி, உங்கள் மகன் கேட்டதில் குற்றம் எதுவும் இல்லை. அவன் கண்டான், கேட்டான், அவ்வளவுதான். வேறுபாட்டைக் கவனிப்பது குழந்தைகள் யாரிடமோ கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம் அன்று. பிறந்த குழந்தைகள் எல்லா இனத்தவரின் முகங்களையும் ஒரே மாதிரி பார்க்கின்றன என்றும், 3 மாதம் ஆவதற்குள் தாங்கள் பழகிய இனத்தவரின் முகங்களையே கூடுதல் நேரம் உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றன என்றும் 2005-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த வயதிலேயே கவனிக்கத் தொடங்கிவிடும் பிள்ளைக்கு 4 வயதில் ஒருவருக்குக் கால் இல்லாதது தெரியாமல் இருக்குமா?

நாம் வாயைப் பொத்தி இழுத்துச் செல்லும்போது, "சத்தமாகப் பேசக் கூடாது" என்ற பாடத்தைப் பிள்ளை கற்றுக்கொள்வதில்லை. அந்த மனிதரிடம் வெட்கப்படத்தக்க ஏதோ ஒன்று இருக்கிறது, அவர் அருகே நிற்பதே நல்லதல்ல, அம்மாவே அவரைக் கண்டு பயந்துவிட்டார் என்பதைத்தான் கற்றுக்கொள்கிறான். அந்த முதியவரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். பிள்ளையின் கேள்வியைவிட, பிள்ளை இழுத்துச் செல்லப்பட்ட வேகம் அவரை அதிகமாகப் புண்படுத்தியிருக்கக்கூடும்.

அடுத்த முறை, நின்ற இடத்திலேயே, சாதாரணக் குரலில் பதில் சொல்லுங்கள். "சிலர் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கிறார்கள், சிலருக்கு விபத்திலோ நோயிலோ காலை எடுக்க வேண்டி வருகிறது. தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்த நாற்காலியில்தான் அவர் எல்லா இடத்துக்கும் போய்வருகிறார். வா, அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வருவோம்." இந்த நான்கைந்து வாக்கியங்கள் போதும். அருகே சென்றபின், கால் எப்படிப் போயிற்று என்று அவரிடம் விசாரிக்க வேண்டியதில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். பெயரைக் கேளுங்கள், உங்கள் மகனின் பெயரைச் சொல்லுங்கள். "ஐயோ, பாவம்" என்று பிள்ளையின் காதில் விழும்படி பெருமூச்சு விடுவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் இரக்கம் என்று நாம் நினைத்துச் சொல்லும் அந்தச் சொல் எதிரில் இருப்பவரை ஒரே நொடியில் நமக்குக் கீழே இறக்கிவிடுகிறது.

வேதாகமக் கதைகளைச் சொல்லும்போதும் ஒரு கவனம் தேவை. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில் பார்வையற்றவர் பார்வை பெறுகிறார், நடக்க இயலாதவர் எழுந்து நடக்கிறார். அந்தக் கதைகளை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, சுகம் பெறாதவர்களுக்கு விசுவாசம் குறைவு என்றோ, அவர்கள் ஏதோ பாவம் செய்திருக்கிறார்கள் என்றோ தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடும். சீஷர்களே அப்படித்தான் நினைத்தார்கள். பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்டு, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று அவர்கள் கேட்டபோது, இருவருமல்ல என்று இயேசு மறுத்தார் (யோவான் 9). இந்த மறுப்பைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லுங்கள். அதோடு, தாவீது அரசனின் நண்பன் யோனத்தானின் மகனான மேவிபோசேத்தின் கதையையும் சொல்லுங்கள். அவனுக்கு 5 வயதாக இருந்தபோது, அவனை எடுத்துக்கொண்டு ஓடிய தாதியின் கையிலிருந்து விழுந்து, இரண்டு கால்களும் ஊனமாயின. தாவீது அவனை வரவழைத்து, ராஜகுமாரர்களில் ஒருவனைப் போலத் தன் பந்தியில் என்றும் அமரவைத்தான். அந்த அதிகாரத்தின் கடைசி வசனம், அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது என்றே முடிகிறது (2 சாமுவேல் 9). அவன் கால்கள் குணமாகவில்லை. பந்தியில் அவன் இடமும் குறையவில்லை. உங்கள் மகனுக்கு ஏறக்குறைய அதே வயது என்பதால், இந்தக் கதை அவன் மனதில் நன்றாகப் பதியும் என்று நம்புகிறேன்.

கேள்வி: "கடவுளின் பார்வையில் எல்லாரும் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டால் போதாதா? வேறுபாடுகளைப் பற்றிப் பேசுவதே வேறுபாடுகளை வளர்த்துவிடாதா?

பதில்: எல்லாரும் சமம் என்று சொல்லுங்கள், எல்லாரும் ஒரே மாதிரி என்று சொல்லாதீர்கள். யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று எழுதிய பவுல், தான் யூதன் என்பதை ஒருபோதும் மறைத்ததில்லை. யோவான் கண்ட பரலோகக் காட்சியிலும் சிங்காசனத்துக்கு முன் நின்ற திரளான கூட்டத்தார் சகல ஜாதிகளிலும் கோத்திரங்களிலும் ஜனங்களிலும் பாஷைக்காரரிலுமிருந்து வந்தவர்கள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது (வெளிப்படுத்தின விசேஷம் 7:9). பரலோகத்திலும் அழிந்துபோகாத வேறுபாட்டை நாம் ஏன் வீட்டில் பேசாப் பொருளாக்க வேண்டும்? பெரியவர்கள் பேசாமல் விட்டால் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. தாங்களே ஒரு விளக்கத்தைக் கற்பித்துக்கொள்கிறார்கள், அது பெரும்பாலும் தங்களுக்குச் சாதகமான விளக்கமாகவே இருக்கிறது.

கேள்வி: நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை. வேறு பகுதியிலிருந்து குடிவந்த ஒரு சிறுமி என் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவள் உச்சரிப்பு வேறு மாதிரி இருப்பதால் மற்றப் பிள்ளைகள் அவளைப் போலப் பேசிக்காட்டிச் சிரிக்கிறார்கள், விளையாட்டிலும் சேர்ப்பதில்லை. அன்பாயிருங்கள் என்று பலமுறை சொல்லியும் பயனில்லை.

பதில்: அறிவுரை மட்டும் இந்த இடத்தில் வேலை செய்யாது, சகோதரி. பிள்ளைகள் அவளோடு சேர்ந்து ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும். அதுவும் அவள் இல்லாமல் முடிக்கவே முடியாத ஒரு வேலையாக அது இருக்க வேண்டும். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-இல் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார். வேறுபட்டவர்களை ஒரே அறையில் உட்காரவைப்பதால் மட்டும் தப்பெண்ணம் குறைந்துவிடாது. அவர்கள் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஓர் இலக்கு இருக்க வேண்டும், போட்டியின்றி ஒத்துழைக்க வேண்டும், பொறுப்பில் உள்ளவர்கள் அதற்கு வெளிப்படையாகத் துணைநிற்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த கருத்து. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், அதுவரை பிரிக்கப்பட்டிருந்த இனங்களைச் சேர்ந்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு மோதல்கள் மூண்டபோது, எலியட் அரோன்சனும் அவருடைய மாணவர்களும் 1971-இல் இதை ஒட்டிய ஒரு பாடமுறையை உருவாக்கினார்கள். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுப்பார்கள். மற்றவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டால்தான் முழுப் பாடமும் ஒருவருக்குக் கிடைக்கும்.

இதை உங்கள் வகுப்பில் அடுத்த வாரமே செய்துபார்க்கலாம். யோசேப்பின் வரலாற்றை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பலவருண அங்கியும் சொப்பனங்களும், குழியும் விற்கப்பட்டதும், போத்திபாரின் வீடும் சிறைச்சாலையும், பார்வோனின் சொப்பனம், சகோதரர்கள் வந்து சேர்ந்தது. ஐந்து பேர் கொண்ட குழுக்களை நீங்களே அமையுங்கள், பிள்ளைகளைத் தெரிவுசெய்ய விடாதீர்கள். ஒரே பகுதியைப் பெற்ற பிள்ளைகள் முதலில் ஒன்றாக அமர்ந்து அதை நன்றாகப் படித்துக்கொள்ளட்டும். பேசத் தயங்கும் சிறுமிக்கு இது பெரிய துணையாக இருக்கும். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பி, தங்கள் பகுதியைச் சொல்லிக்கொடுக்கட்டும். கடைசியில் முழுக் கதையிலிருந்தும் எல்லாரிடமும் கேள்வி கேளுங்கள். சிறைச்சாலைப் பகுதி அவள் ஒருத்தியிடம் மட்டுமே இருக்கிறது என்று தெரிந்தவுடன், அவள் உச்சரிப்பைக் கேலி செய்ய யாருக்கும் நேரம் இருக்காது, "அப்புறம் என்ன ஆயிற்று?" என்றுதான் கேட்பார்கள். ஒரே வாரத்தில் மாற்றம் வராது. சில வாரங்கள் தொடர்ந்து செய்யுங்கள்.

வகுப்பில் நாம் அறியாமல் செய்யும் மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிவப்பு, நீலம் என்று இரண்டு நிறச் சட்டைகளை அணிவித்துச் செய்த ஓர் ஆய்வை ரெபெக்கா பிக்லரும் அவருடன் பணியாற்றியவரும் 2006-இல் வெளியிட்டார்கள். நிறத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. ஆனாலும் ஆசிரியர்கள் நிறத்தைச் சொல்லி அழைத்தும் வரிசைப்படுத்தியும் வந்த வகுப்புகளில், தங்கள் நிறத்தவரே மேலானவர்கள் என்ற எண்ணம் சில வாரங்களிலேயே பிள்ளைகளிடம் வலுப்பட்டது. ஆகவே எதற்கெடுத்தாலும் "ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் ஒரு பக்கம்" என்று பிரித்து வசனப் போட்டி நடத்தும் வழக்கத்தைக் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யலாம்.

உச்சரிப்பைப் பற்றி வகுப்பில் நேரடியாகப் பேச விரும்பினால், பேதுருவிலிருந்து தொடங்குங்கள். பிரதான ஆசாரியனின் வீட்டு முற்றத்தில், கலிலேயப் பேச்சுவழக்கை வைத்துத்தான் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் எழுந்து பேசியதும் அதே கலிலேய வாய்தான். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் புறக்கணிக்கப்பட்டபோது அப்போஸ்தலர்கள் எடுத்த நடவடிக்கையும் ஆசிரியர்களாகிய நமக்குப் பாடம். முறுமுறுக்காதீர்கள் என்று அவர்களை அடக்காமல், பொறுப்பை ஏற்க ஏழு பேரை நியமித்தார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் (அப்போஸ்தலர் 6). உங்கள் வகுப்பிலும் அந்தச் சிறுமிக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். அவளுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்த பொறுப்பாக அது இருக்கக் கூடாது. எல்லாரும் விரும்பும் பொறுப்பாக இருக்கட்டும்.

கேள்வி: என் மகள் மாநிறத்தைவிடச் சற்று அதிகமாகவே கறுத்தவள். "கடவுள் என்னை மட்டும் ஏன் கறுப்பாகப் படைத்தார்?" என்று சில நாட்களாகக் கேட்கிறாள். உறவினர்கள் அவள் முன்னிலையிலேயே நிறத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். 7 வயதுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: "நிறம் முக்கியமல்ல, குணம்தான் முக்கியம்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நிறத்தில் குறை இருந்தாலும் குணத்தால் ஈடுகட்டலாம் என்றுதான் அது பிள்ளையின் மனதில் போய் விழும். அவள் நிறம் அழகானது என்று நேராகச் சொல்லுங்கள், ஏனெனில் அது உண்மை. தோலில் மெலனின் என்ற நிறமி எல்லாருக்கும் இருக்கிறது; சிலருக்குக் கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும் இருக்கிறது; கூடுதலாக உள்ள தோல் வெயிலின் கடுமையை நன்றாகத் தாங்குகிறது. 7 வயதுக்கு இந்த அளவு அறிவியல் புரியும்.

இந்தக் காயம் எவ்வளவு சிறு வயதில் ஏற்படுகிறது என்பதை 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் உலகுக்குக் காட்டினார்கள். நிறத்தைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒன்றுபோல இருந்த பொம்மைகளை 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினப் பிள்ளைகளின் முன் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பான்மையான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். உன்னைப் போல இருப்பது எது என்று அதன்பின் கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954-ஆம் ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்பு இந்த ஆய்வைக் குறிப்பிட்டது.

ஆகவே உறவினர்களின் பேச்சைப் பொறுத்துக்கொண்டு போகாதீர்கள். மரியாதையாக, ஆனால் பிள்ளையின் காதில் விழும்படியே மறுத்துவிடுங்கள்: "எங்கள் வீட்டில் நிறத்தைக் குறையாகப் பேசுவதில்லை." பிறகு தனியாக அழைத்துச் சொல்வதால் உறவு காப்பாற்றப்படலாம்; பிள்ளைக்கோ தன் தாய் தனக்காகப் பேசவில்லை என்பதுதான் நினைவிருக்கும். உங்கள் வீட்டிலுள்ள சித்திர வேதாகமத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இயேசு மேற்காசியாவில் பிறந்த யூதர். அவரையும் தேவதூதர்களையும் பொன்னிறக் கூந்தலும் வெண்ணிற மேனியுமாகவும், யூதாசை மட்டும் கறுப்பாகவும் வரைந்திருந்தால், அந்தப் புத்தகத்தை மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாவிட்டால், இது ஓவியர் தம் ஊர்க்காரரைப் போல வரைந்தது என்று சொல்லிவிட்டுப் படித்துக்காட்டுங்கள்.

அவளுக்குச் சொல்ல ஒரு நல்ல கதை எபெத்மெலேக்கின் கதை. அவர் எத்தியோப்பியர். சேறு நிறைந்த துரவில் எரேமியா தீர்க்கதரிசியை இறக்கிவிட்டபோது, அரசனிடம் துணிந்து பேசி அவரைக் காப்பாற்றியவர். கயிறு உடம்பை அறுத்துவிடாதபடி, கிழிந்த பழைய துணிகளை முதலில் இறக்கி, அவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லி, அதன்பின் தூக்கியெடுத்தார் (எரேமியா 38). தைரியத்தோடு அத்தனை நுணுக்கமான கரிசனையும் உடைய ஒருவரைப் பற்றி அறிந்தால், அவரைப் போல நானும் கறுப்பு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு நிச்சயம் ஆசை வரும்.

கேள்வி: எனக்கு 13 வயது. வேறு சபையைச் சேர்ந்த என் தோழியின் ஆராதனை முறை சரியில்லை என்று எங்கள் சபைப் பிள்ளைகள் பேசுகிறார்கள். நான் அவளோடு பழகலாமா?

பதில்: தாராளமாகப் பழகு, மகளே. நம்மோடு சேராதவன் உமது நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்துகிறான், அவனைத் தடுத்தோம் என்று யோவான் சொன்னபோது, தடுக்கவேண்டாம் என்றார் இயேசு (மாற்கு 9). அவள் சபையில் ஏன் அப்படி ஆராதிக்கிறார்கள் என்பதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்.

கேள்வி: என் 9 வயது மகனின் நெருங்கிய நண்பன் வேறு மதத்தைச் சேர்ந்தவன். எல்லாரையும் மதிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தால் அவனுடைய விசுவாசம் தளர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். இப்போது அவன், "அப்பா, என் நண்பன் நரகத்துக்குப் போவானா?" என்று கேட்கிறான்.

பதில்: சகோதரரே, உங்கள் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஒருவரை மதிப்பதற்கு அவர் நம்புவதையெல்லாம் நாமும் நம்ப வேண்டும் என்று யாரோ நமக்குச் சொல்லிவிட்டார்கள்; பிரச்சினை அங்கிருந்துதான் தொடங்குகிறது. வழிபாட்டில் வேறுபட்டவர்கள் என்று யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியரிடம் இயேசு நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் தொழுகையைப் பற்றிப் பேசியபோது, கருத்து வேறுபாட்டை அவர் மழுப்பவில்லை; நீங்கள் அறியாததைத் தொழுதுகொள்ளுகிறீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார் (யோவான் 4). அதே இயேசு, பிறனை நேசிப்பது எப்படி என்று காட்ட ஒருவனைத் தேடியபோது, ஆசாரியனையும் லேவியனையும் தாண்டிச் சென்று ஒரு சமாரியனைத் தெரிந்துகொண்டார் (லூக்கா 10). சமாரியக் கிராமத்தின்மேல் அக்கினியை இறக்கலாமா என்று கேட்ட சீஷர்களை அதட்டினார் (லூக்கா 9). உண்மையைச் சொல்வதும் மனிதரைக் கனம்பண்ணுவதும் அவரிடம் ஒன்றோடொன்று மோதவே இல்லை.

பவுலின் வாழ்விலும் இதைக் காணலாம். எபேசுவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் பிரசங்கித்தார். ஊர் கொந்தளித்தபோது, இவர்கள் நம் தேவியைத் தூஷிக்கவில்லை என்று நகரத்தின் அதிகாரியே கூட்டத்துக்கு முன் சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 19). தன் நம்பிக்கையை ஒளிக்காமலும், பிறர் வணங்குவதை இழிவாகப் பேசாமலும் அத்தனை காலம் வாழ முடிந்திருக்கிறது. நம் வீடுகளில் மற்றவர்களின் வழிபாட்டைப் பற்றிய கேலிப்பேச்சு எவ்வளவு எளிதாக வந்துவிடுகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் நம்பாததை நம்புவதாகச் சொல்வது, அவர்கள் செய்யாததைச் செய்வதாகச் சொல்வது, இவையெல்லாம் பொய்ச்சாட்சியே. பிறனுக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளைக்கு மத விலக்கு ஏதும் கிடையாது.

உங்கள் மகனின் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: "நியாயத்தீர்ப்பு கடவுளுடையது, மகனே. அவர் உன் நண்பனை உன்னைவிட அதிகமாக நேசிக்கிறார். அவர் ஒருவருக்கும் அநியாயம் செய்கிறவர் அல்ல. இயேசுவை நாம் ஏன் நம்புகிறோம் என்று அவன் கேட்டால் சொல்லு. அவன் எதை நம்புகிறான் என்று நீயும் கேள்." அவனுக்காக ஜெபிக்கவும் சொல்லுங்கள், அவன் தேர்வுக்காக, அவன் காய்ச்சலுக்காக, அவன் வீட்டாருக்காக ஜெபிக்கட்டும். நண்பனை மதம் மாற்ற வேண்டிய ஒரு வேலையாகப் பார்க்க 9 வயதுப் பிள்ளையைப் பழக்காதீர்கள், அந்த நட்பு அன்றே முடிந்துவிடும். நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் பேதுரு எழுதினார். விசாரிக்கிறவர்களுக்கு என்பதையும் சாந்தத்தோடு என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் சபையில் ஆட்டிசம் உள்ள 11 வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். பாடல் நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு சத்தமிடுகிறான். அவன் பெற்றோர் மனமொடிந்து ஆராதனைக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது, விளக்கம் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே அதிகம் தேவைப்படுகிறது என்று தோன்றியது. ஆட்டிசம் உள்ள பலருக்கு, நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் ஒலி தாங்க முடியாத இரைச்சலாக இருக்கும். அவன் ஆராதனையைக் குலைக்க நினைத்துச் சத்தமிடவில்லை. வலிக்கிறது என்று தனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறான். இதைப் பிள்ளைகளிடம் இந்த வார்த்தைகளிலேயே சொன்னால் அவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

பெற்றோரிடம் போய், அவனுக்கு எது உதவும் என்று முதலில் கேளுங்கள், நீங்களாக முடிவுசெய்யாதீர்கள். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைப்பது, ஒலிபெருக்கிக்குத் தொலைவாக, வாசலுக்கு அருகில் ஓர் இருக்கையை அவர்களுக்கென்று ஒதுக்குவது, காதை மூடும் ஒலித்தடுப்பானை அவன் அணிந்துகொள்வதை யாரும் உற்றுப் பார்க்காமல் இருப்பது, அன்றைய ஆராதனையின் வரிசையைப் படங்களாக வரைந்து முன்கூட்டியே அவனிடம் கொடுப்பது ஆகியவை பல பிள்ளைகளுக்குப் பயன்பட்டிருக்கின்றன. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது அவர்களுக்குப் பெரும் ஆறுதல். அந்தப் படங்களை வரையும் வேலையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிடுங்கள். அவனுக்குப் பிடித்த நிறம், பிடித்த பாடல், அவன் விரும்பிப் பேசும் பொருள் எல்லாவற்றையும் வரைவதற்கு முன் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அவன் வாயால் பதில் சொல்லாவிட்டால், இரண்டு படங்களைக் காட்டி, விரலால் தொடச் சொல்லலாம். குறைகூறும் பெரியவர்களிடம் போதகர் தாமே பேசுவது நல்லது; அந்தப் பாரத்தைச் சிறுவனின் தாயின்மேல் வைக்காதீர்கள்.